மனநலச் செவிலியமும் நம் மக்களும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் நம் ஊர்ச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இச்சங்கம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே படித்து முடித்தவள் நான். ஆகவே இச்சங்கத்தின் உதவியைப் பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளும் பேறு எனக்கு இல்லை. இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் செவிலியர் கல்லூரிகளில் பயில்கின்றனர். மனநலச் செவிலியம் என்னும் பாடத்தின் அடிப்படைகளை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுமாறு செயலாளர் பணித்தார். பாடநூலில் உள்ளதைப் பாடநூலே சொல்லும். நான் நம் வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

1990-ஆம் ஆண்டு. எனக்கு வயது பதினொன்று. என் தாய்மாமன் ஏரியில் இறால் தடவிப் பிழைப்பவர். ஏரியின் 'பாடு' முறையை நீங்கள் அறிவீர்கள். யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அது. அந்த வரிசையில் நமக்கு இடம் இருந்ததில்லை. பாடு அவர்களுக்கு, படுகின்ற பாடு நமக்கு என்று என் ஆயா சொல்லுவார். மாமா இடுப்பளவு நீரில் நாள் முழுவதும் நின்று, கையால் இறாலைத் தடவிப் பிடித்துப் பறியில் போடுவார். மாலையில் குளிருக்கும் உடல் வலிக்கும் சாராயம். இது நாள் தவறாத வழக்கம்.

ஒரு நாள் அவர் காலில் திருக்கை முள் ஏறிவிட்டது. கால் வீங்கிக் காய்ச்சலும் கண்டு வீட்டில் படுத்தார். வேலை இல்லை, காசு இல்லை, ஆகவே குடியும் இல்லை. இரண்டாம் நாள் கை நடுங்கியது. மூன்றாம் நாள் இரவு அவர் எழுந்து உட்கார்ந்து, இல்லாத வலையை இழுக்கத் தொடங்கினார். பாயைத் தடவி எதையோ பிடித்து, இடுப்பில் இல்லாத பறியில் போட்டார். உடலெங்கும் நண்டு ஊர்கிறது என்று அலறினார். முகத்துவாரத்தில் மூழ்கிச் செத்தவன் பிடித்துக்கொண்டான் என்று ஊர் முடிவு செய்தது. தூணில் கட்டினார்கள். வேப்பிலையால் அடித்தார்கள். பேய்க்குத் தண்ணீர் தரக்கூடாது என்று தண்ணீரை மறுத்தார்கள். விடியற்காலையில் மாமா இறந்துபோனார். கட்டியவர்களில் என் தந்தையும் ஒருவர். அவர்கள் எல்லோரும் மாமாவின்மீது உயிரையே வைத்திருந்தவர்கள் என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

எட்டாண்டுகள் கழித்து, செவிலியர் பயிற்சியின் ஒரு வகுப்பில், ஆசிரியை குடி நிறுத்தச் சன்னியைப் பற்றிப் பாடம் நடத்தினார். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் நடுக்கம், வியர்வை, காய்ச்சல், மனக்குழப்பம், பூச்சிகள் ஊர்வதாகத் தோன்றும் மாயத்தோற்றம் ஆகியவை வரும். சிலர் தாம் அன்றாடம் செய்யும் தொழிலைக் காற்றில் செய்துகாட்டுவர். தையற்காரர் தைப்பார், வண்டியோட்டி வண்டி ஓட்டுவார். அதைக் கேட்டதும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஆசிரியை எனக்கு உடல்நலமில்லை என்று எண்ணினார்.

அந்நோய்க்குச் செய்ய வேண்டியவை என்னென்ன என்று அன்று மாலை படித்தேன். நீரும் உப்பும் உடலில் குறையாமல் பார்க்க வேண்டும். தயமின் என்னும் பி-1 உயிர்ச்சத்தை ஊசி வழியே தர வேண்டும். அதைத் தருவதற்கு முன் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது கேடு. நரம்பின் கொந்தளிப்பை அடக்கும் மருந்தை மருத்துவர் அளவிட்டுத் தருவார். அறையில் வெளிச்சம் இருக்க வேண்டும், ஏனெனில் நிழலும் இருளும் மாயத்தோற்றத்தைப் பெருக்கும். நோயாளி அறிந்த ஒருவர் அருகில் அமர்ந்து, மெல்லிய குரலில், "நீங்கள் மருத்துவமனையில் இருக்கிறீர்கள், இன்று இன்ன நாள், நான் இன்னார்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கட்டக்கூடாது. கட்டினால் அவர் திமிறித் திமிறி உடல் சூடேறி இறக்கவும் கூடும். எங்கள் வீட்டில் அன்றிரவு நடந்தது ஒவ்வொன்றும் இதற்கு நேர்மாறு. மாணவியரே, உங்களுக்கு அடிப்படை என்று நான் சொல்ல வந்தது இதுதான். மருந்தைத் தீர்மானிப்பவர் மருத்துவர். வெளிச்சமும் தண்ணீரும் அருகில் அமர்வதும் செவிலியரின் பொறுப்பு.

இப்பணி எவ்வாறு தோன்றியது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

மனநோயாளரைச் சங்கிலியில் பிணைப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. பாரிசு நகருக்கு அருகே பிசேத்ர் என்னும் மருத்துவமனையில் 18-ஆம் நூற்றாண்டில் அதுவே நடைமுறை. 1771-இல் கழுத்தில் கண்டமாலை நோயோடு ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். ழான் பப்திஸ்த் பூசேன் என்பது அவர் பெயர். அவர் தொழில் தோல் பதனிடுவது. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். நோய் தீர்ந்தபின் அவர் அங்கேயே ஊழியராகி, பின்னர் மனநோயாளர் பகுதியின் பொறுப்பாளரானார். அவரிடம் எந்தப் பட்டமும் இல்லை. நோயாளியை அடித்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கினார். குணமான நோயாளிகளையே ஊழியர்களாக வைத்துக்கொண்டார், ஏனெனில் அந்த வேதனையை அறிந்தவர் கையை ஓங்கமாட்டார். அவருடைய மனைவியும் உடன் உழைத்தார். 1793-இல் அங்கு வந்த மருத்துவர் பிலிப் பினேல் பூசேனிடமிருந்து கற்றார். 1797-இல் பிசேத்ரில் சங்கிலிகளை அகற்றியவர் பூசேன். அப்போது பினேல் வேறு மருத்துவமனைக்கு மாறிச் சென்றிருந்தார். ஆயினும் உலகம் நினைவில் வைத்திருப்பது பினேலையே. 1876-இல் ராபேர்-ஃப்ளூரி வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில் நடுநாயகமாக நிற்பவரும் பினேல்தான். பினேல் நேர்மையானவர். தாம் பூசேனுக்குக் கடன்பட்டிருப்பதைத் தம் நூலிலேயே எழுதினார். குறை அவரைப் படித்தவர்களுடையது.

ஏறத்தாழ அக்காலத்திலேயே, 1796-இல், இங்கிலாந்தின் யார்க் நகரில் வில்லியம் டியூக் என்பவர் அடியும் விலங்கும் இல்லாத விடுதி ஒன்றைத் திறந்தார். 1882-இல் அமெரிக்காவின் மக்லீன் மனநோய் விடுதியில் செவிலியருக்கென முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. அதுவரை மனநோயாளரைக் காவல் காப்பவர்கள் இருந்தனர். கற்றுப் பணிபுரியும் செவிலியர் தோன்றியது அதன் பின்னரே.

சென்னையில் 1794-இல் வாலண்டைன் கானலி என்னும் மருத்துவர் மனநோயாளருக்கு ஒரு விடுதி தொடங்கினார். 1871-இல் அது இன்றுள்ள இடத்திற்கு 145 நோயாளிகளோடு மாறியது. 1922-இல் அதற்கு அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் வைத்தனர். இன்று அதுவே மனநலக் கழகம். நாம் மட்டும் இன்னும் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம். அந்த விடுதியின் கண்காணிப்பாளர்களது பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. இரவெல்லாம் நோயாளியோடு விழித்திருந்தவர்கள், மலம் அள்ளியவர்கள், துணி வெளுத்தவர்கள் ஆகியோரின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. அவர்கள் எந்தச் சேரிகளிலிருந்து போயிருப்பார்கள் என்பதை இந்தக் கூட்டத்தில் நான் விளக்க வேண்டியதில்லை. நம் மக்களுக்கு இப்பணி புதிதன்று. அதைக் கற்று, பெயரோடும் ஊதியத்தோடும் செய்வதுதான் புதிது.

1961-இல் அம்மருத்துவமனையின் தலைமையை ஏற்ற டாக்டர் சாரதா மேனன், நம் நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர். நோயாளிக்கு மருந்தோடு தொழிலும் குடும்பமும் வேண்டும் என்று வற்புறுத்தியவர். 1984-இல் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பை நிறுவினார். அமிர்தசரசில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளியின் குடும்பத்தையும் அங்கேயே தங்கச் செய்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையமும் அதே பத்தாண்டில் குடும்பத்தோடு சேர்த்து நோயாளியைப் பேணும் முறையை மேற்கொண்டது. இம்முறை நமக்கு மிகவும் பொருந்துவது. நம் குடும்பங்கள் நோயாளியைக் கைவிடுவதில்லை. கட்டி வைப்பதுகூடக் கைவிட மனமில்லாமல்தான். என்ன செய்வதென்று அவர்களுக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்.

பெங்களூரில் 1956-இல் செவிலியருக்கென மனநலப் பட்டயப் படிப்பு தொடங்கியது. இன்று பொதுச் செவிலியர் பட்டயத்திலும் இளநிலைப் பட்டத்திலும் மனநலம் கட்டாயப் பாடம். வரலாறு இவ்வளவு போதும்.

இனிக் கோட்பாடு. பலர் இருப்பினும் ஒருவரை மட்டும் சொல்கிறேன். ஹில்டெகார்ட் பெப்லாவ் என்பவர் 1909-இல் அமெரிக்காவில், போலந்திலிருந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்தார். ஒன்பது வயதில் 1918-ஆம் ஆண்டின் கொள்ளைக் காய்ச்சலையும் அது வீடுகளில் செய்த அழிவையும் கண்டார். செவிலியர் நோயாளி உறவைப் பற்றி அவர் எழுதிய நூல் 1952-இல் வெளிவந்தது. நூல் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. மருத்துவர் ஒருவரின் பெயர் உடன் இல்லாமல் ஒரு செவிலியர் தனியே நூல் எழுதுவதா என்ற தயக்கத்தால் தாமதமாயிற்று என்பர். அந்தத் தயக்கம் நமக்கும் பழக்கமானதுதானே!

செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே மருந்தாக வேலை செய்கிறது என்பது பெப்லாவின் கருத்து. அதை நான்கு நிலைகளாக அவர் பிரித்தார். முதலில் இருவரும் அந்நியர்கள், அறிமுகம் ஆகின்றனர். பின்பு நோயாளி, இவர் எனக்கு உதவக்கூடியவர் என்று இனங்காண்கிறார். அதன்பின் அந்த உதவியை முழுமையாகப் பயன்கொள்கிறார். இறுதியில் உறவை முடித்துக்கொண்டு தம் காலில் நிற்கிறார். தேர்வுக்கு இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எனக்கு இது புரிந்தது 2004 டிசம்பர் 26-க்குப் பிறகுதான்.

ஆழிப்பேரலை நம் கடற்கரையிலும் புகுந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது குப்பங்களுக்குச் சென்ற ஒரு குழுவில் நானும் இருந்தேன். ஒரு தாய், சிறு மகனை இழந்தவர், நாள் முழுவதும் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். எவரிடமும் பேசமாட்டார். முதல் நாள் நான் என் பெயரைச் சொல்லி, வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவேன் என்று மட்டும் சொன்னேன். வியாழன் பத்து மணிக்குப் போய்ச் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்து எழுந்தேன். நான்காம் முறை, "சாப்பிட்டியாம்மா?" என்று அவர் கேட்டார். அதுதான் இரண்டாம் நிலை. அதன்பின் உறக்கமின்மையைச் சொன்னார், மகன் பெயரைச் சொன்னார். நிவாரண மனு எழுதித் தரக் கேட்டார். அழுதார்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நான் அவரிடம் நேரடியாகக் கேட்டேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறு. கேட்பதால் எண்ணம் பிறப்பதில்லை. உள்ளே இருப்பதைச் சொல்ல வழி கிடைக்கிறது. அவர், "தோணுது" என்றார். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். எட்டு வாரம் கழித்து எனக்கு வேறு பணி வந்தது. சொல்லாமல் நின்றுவிட்டேன். மூன்று வாரம் அவர் வியாழன்தோறும் காத்திருந்து, பின் மருந்தை நிறுத்திவிட்டார் என்று பின்னர் அறிந்தேன். மகன் சொல்லாமல் போனதுபோல நானும் போயிருக்கிறேன். நான்காம் நிலையைப் பாடநூல் ஏன் தனியாக எழுதிற்று என்று அன்று விளங்கியது. மீண்டும் போய் மன்னிப்புக் கேட்டு, மூன்று சந்திப்புகளில் முறையாக விடைபெற்றேன்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரக்கூடும். சங்க அகப்பாடல்களில் தலைவி மெலிந்து வாடும்போது, தாயும் செவிலியும் அணங்கு தாக்கிற்று என்று அஞ்சி, வேலனை அழைத்து வெறியாட்டு நடத்துவர். உண்மைக் காரணம் தோழிக்குத் தெரியும். ஏனெனில் அவள் உடனிருந்து கேட்டவள். அவள் உண்மையைச் சொல்லி வெறியாட்டை நிறுத்துவாள். செவிலியர் என்ற பெயரை நாம் செவிலியிடமிருந்து பெற்றோம். மனநலச் செவிலியரின் வேலையோ தோழியினுடையது.

மருந்தைப் பற்றியும் சில சொற்கள். 1952-இல் குளோர்புரோமசைன் வந்தபின் மனநோய் மருத்துவமே மாறிற்று. பல நோய்கள் மருந்தால் அடங்குகின்றன. ஆனால் நம் பகுதியில் இம்மருந்துகளைத் தருவோர் ஏரியையும் வெயிலையும் நினைவில் கொள்ள வேண்டும். குளோர்புரோமசைன் உண்பவர் தோல் வெயிலில் எளிதில் வெந்துபோகும். எழுச்சி நோய்க்குத் தரும் லித்தியம், உடலில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் ஏறி நஞ்சாகும். கை பெரிதாக நடுங்கினாலோ, வாந்தி பேதி கண்டாலோ, நடை தள்ளாடினாலோ மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சித்திரை வெயிலில் உப்புநீரில் நிற்பவருக்கு இதை எவரேனும் சொன்னால்தானே தெரியும்? வேறு சில மருந்துகளால் திடீரெனக் கழுத்து ஒருபக்கம் திருகிக் கண் மேலே செருகும். ஓர் ஊசியில் சற்று நேரத்தில் சரியாகும். அதைக் கண்டு, பேய் திரும்பிவிட்டது என்று மருந்தைக் கடலில் எறிந்த குடும்பத்தை நான் அறிவேன்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கடும் எழுச்சி நிலையில் ஒருவரைக் கொண்டுவந்தனர். இன்று என்ன நாள் என்று தெரியாது, தாம் அமைச்சர் என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். குவளையை வாங்குமுன், நீ எந்தத் தெரு என்று கேட்டார். அறிவு முழுவதும் கலைந்த நிலையிலும் அது மட்டும் கலையவில்லை. அறையில் இருந்த சக ஊழியர் சிரித்தார். எனக்கு நோயாளியின்மீது கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மறக்கவில்லை. குவளையை அவர் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டு, அருகிலேயே உட்கார்ந்தேன். அரைமணி கழித்துக் குடித்தார். இத்தகைய இடங்களில் எப்படி நடந்துகொள்வது என்று எந்தக் கோட்பாடும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டியவர்கள் நம்மிலிருந்துதான் வரவேண்டும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் விடுதி ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் ஓட வழியின்றி வெந்தனர். 28 பேர் இறந்தனர். பூசேன் சங்கிலியை அகற்றி இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு! இன்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்கிறது. தற்கொலைக்கு முயன்றவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும் என்றும், அவரைத் தண்டிக்கலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஆனால் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை என்றும் கண்டது. முகத்துவாரம் மணலால் அடைபட்டு மீனும் இறாலும் குறைகின்ற ஆண்டுகளில், கடனும் குடியும் ஏறும்போது, நம் குப்பங்களில் அது என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பெற்றோர் சிலர், "பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் பெண்ணுக்கு வரன் வருமா?" என்று என்னிடம் கேட்கின்றனர். எனக்கு வந்தது. வராவிட்டாலும் நான் இதைத்தான் செய்திருப்பேன். ஆண்பிள்ளைகளும் இப்படிப்பில் சேரலாம், அவர்களுக்கும் இத்துறையில் தேவை உண்டு.

பட்டயப் படிப்பு மூன்றாண்டு, இளநிலைப் பட்டம் நான்காண்டு. அதன்பின் மனநலத்தில் ஓராண்டுப் பட்டயமோ, ஈராண்டு முதுநிலைப் பட்டமோ படிக்கலாம். பட்டியல் இனத்தாருக்கு மேல்படிப்பு உதவித்தொகை உண்டு. இளநிலைப் பட்டத்திற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்திருக்க வேண்டும் என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் எவருக்கேனும் மனநல உதவி தேவைப்பட்டால் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். அந்த எண்ணைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறேன்.

கூட்டம் முடிந்தபின் இரவு எட்டு மணிவரை நூலக அறையில் இருப்பேன். படிப்பைப் பற்றிக் கேட்க வருபவர்கள் மதிப்பெண் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் கொண்டு வாருங்கள். வேறு எதையேனும் தனியாகச் சொல்ல வருபவர்கள் எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. கதவைச் சாத்திக்கொள்ளலாம்.